மூன்று சுரங்களும் ஒரு வழக்கும்

இறைவனை வேண்டிப் பாடிய பாட்டொன்று நீதிமன்றப் படி ஏறிய கதையை வாசகர்கள் அறிவீர்களா? பாடியவரோ உலகப் புகழ் பெற்ற இசைஞர். பாட்டோ ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இலட்சோபலட்சம் மக்கள் இசைத்தட்டாக வாங்கிக் கேட்டு மகிழ்ந்த பாட்டு. அதிலே ஒலிக்கும் நாமமோ நம் பசனை மடங்களிலே நாம் நாடோறும் கேட்கும் கிருஷ்ண நாமம். அத்தகைய பாட்டின் மெட்டு பிறர்க்குரியது என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதனினும் வியப்புக்குரியது யாதெனில், பாடியவர் அதனை அறிந்து எடுக்கவில்லை, அறியாமலே எடுத்துக்கொண்டார் என்று அதே தீர்ப்புக் கூறியமையாகும்.

"மை ஸ்வீட் லோர்ட்" என்பது அப்பாட்டின் பெயர். "என் இனிய ஆண்டவனே" என்று அதனைத் தமிழாக்கலாம். பாடியவர் ஜோர்ஜ் ஹரிசன். கிற்றார் பழகும் நம் வீட்டுப் பிள்ளைகள் பலர் இப்பாட்டை அறிவர். இதன் வரலாற்றை அறிந்தோர் சிலரே. பாடுவோர்க்கு மட்டுமன்றி, எழுதுவோர்க்கும், பரீட்சைக்குப் படிக்கும் மாணவர்க்கும், அவர்களுக்குப் புள்ளியிடும் நம்போன்ற ஆசிரியர்க்கும் பயன்படத்தக்க உண்மையொன்று அவ்வரலாற்றினுள் அடங்கியுள்ளது என்பது நம் துணிபு.

லிவர்பூலிலிருந்து ரிஷிகேசம் வரை

ஜோர்ஜ் ஹரிசன் 1943 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் துறைமுக நகராகிய லிவர்பூலிலே பிறந்தார். தந்தையார் பஸ் வண்டியிலே தொழில் புரிந்து குடும்பத்தைக் காத்தவர். ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, றிங்கோ ஸ்ரார் என்னும் மூவரோடு சேர்ந்து ஹரிசன் "பீற்றில்ஸ்" குழுவாகப் புகழ் பெற்றார். 1960 களிலே அக்குழுவினர் சென்றவிடமெல்லாம் இளைஞர் கூட்டம் அலைமோதியது. நால்வருள்ளும் இளையவர் ஹரிசன்.

புகழும் பொருளும் வந்து குவிந்த பின்னர், இதற்கு மேல் என்ன என்னும் வினா அவருள்ளத்திலே எழுந்தது. 1965 ஆம் ஆண்டிலே திரைப்படமொன்றில் நடித்துக்கொண்டிருந்தபோது சித்தார் என்னும் இந்திய இசைக்கருவி முதன்முதலாக அவர் கண்ணிற்பட்டது. அவ்வாண்டு வெளிவந்த பீற்றில்ஸ் பாட்டு ஒன்றிலேயே அவர் அதனை மீட்டிவிட்டார். 1966 இல் பண்டிதர் ரவிசங்கரைச் சந்தித்து, அவரைக் குருவாகக் கொண்டு, இந்தியாவுக்குச் சென்று பாடங்கேட்டார். 1968 ஆம் ஆண்டு பெப்ரவரியிலே, கங்கைக் கரையிலுள்ள ரிஷிகேசத்திலே, மகரிஷி மகேஷ் யோகியாரின் ஆச்சிரமத்திலே நண்பர்களோடு தங்கித் தியானம் பயின்றார்.

இதனிடையே மற்றோர் ஆற்று நீரும் வந்து கலந்தது. பக்திவேதாந்த சுவாமிகள் 1966 இல் நியூயோர்க் நகரிலே கிருஷ்ண பக்தி இயக்கத்தைத் தோற்றுவித்தார். அவர்தம் சீடர் சிலர் இலண்டனுக்கு வந்து நாமசங்கீர்த்தனம் செய்தனர். ஹரிசன் அவர்களோடு நட்புப் பூண்டு, 1969 இல் அவர்கள் பாடிய ஹரே கிருஷ்ண மந்திரத்தை இசைத்தட்டாக வெளியிட உதவினார். ஆங்கிலேயரின் வானொலிகளிலே அம்மந்திரம் ஒலித்தது. தாமும் அவ்வாறு ஒரு நாமாவளி பாடவேண்டும் என்னும் ஆவல் அவருக்கு உண்டாயிற்று.

பாட்டுப் பிறந்த விதம்

1969 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம். இசைப் பயணமொன்றிலே சேர்ந்து ஹரிசன் டென்மார்க்கின் தலைநகரான கொப்பன்ஹேகனுக்குச் சென்றிருந்தார். அங்கே பத்திரிகையாளர் கூட்டம் நடந்துகொண்டிருந்தபோது மெல்ல நழுவிச் சென்று, கிற்றாரை எடுத்து ஓரிரு சுரக்கூட்டுக்களை மாறிமாறி மீட்டினார். அவற்றின்மேல் "அல்லேலூயா" என்று ஒருமுறையும் "ஹரே கிருஷ்ணா" என்று ஒருமுறையும் பாடிப் பார்த்தார். உடனிருந்த நண்பர்களும் கூடப் பாடினர். கறுப்பின மக்களின் தேவாலயப் பாடல் மரபிலே எட்வின் ஹோக்கின்ஸ் குழுவினர் பாடிப் புகழ்பெற்ற "ஓ ஹப்பி டே" என்னும் பாட்டே தமக்குத் தூண்டுகோலாயிற்று என்று ஹரிசன் பின்னர் கூறினார். நண்பர் பில்லி பிறெஸ்ரனே இப்பாட்டை முதலிற் பதிவு செய்தார்.

1970 இல் பீற்றில்ஸ் குழு பிரிந்தது. அவ்வாண்டு நவம்பரிலே, மூன்று இசைத்தட்டுக்கள் அடங்கிய தொகுதியொன்றை ஹரிசன் தனியே வெளியிட்டார். அதிலே இப்பாட்டும் இடம்பெற்றது. கிற்றார் தந்திகளின் மெல்லொலியோடு தொடங்குவது அது. உலோகக் குழலைத் தந்திமேல் வழுக்கி வாசிக்கும் முறையை அதிலே அவர் கையாண்டார். சுரத்திலிருந்து சுரத்துக்கு இழைந்து செல்லும் அந்நாதம் நம் செவிக்குக் கமகம் போலவே இனிக்கிறது. இறைவனைக் காணவேண்டும், ஆனால் அதற்கு நெடுங்காலம் ஆகிறதே என்னும் ஏக்கமே பாட்டின் பொருள். பின்னணியிலே பாடுவோர் முதலில் அல்லேலூயா என்பர். கிறித்தவ அன்பர்கள் அதைக் கேட்டுத் தம்மை மறந்து கூடப் பாடுவர். சிறிது நேரத்தில் அது ஹரே கிருஷ்ணா என்று மாறும். குருவை மும்மூர்த்திகளாகப் போற்றும் வடமொழிச் சுலோகமும் வந்து கலக்கும். இரண்டு நாமமும் ஒன்றையே குறிப்பன என்று காட்டுவதே தம் நோக்கம் என்றார் ஹரிசன்.

இதனை வெளியிட அவர் முதலில் அஞ்சினார் என்பது குறிப்பிடத்தக்கது. றொக் இசை உலகிலே கடவுளைப் பற்றி வெளிப்படையாகப் பாடினால் நகைப்புக்கு ஆளாக நேரிடும் என்பதே அவ்வச்சம். ஆனால் நடந்தது வேறு. 1970 டிசெம்பர் இறுதியில் அமெரிக்காவிலும், 1971 சனவரியில் பிரித்தானியாவிலும் அப்பாட்டு முதலிடத்தை அடைந்தது. பிரிந்துபோன பீற்றில்ஸ் நால்வருள் தனியே பாடி முதன்முதலில் முதலிடம் பெற்றவர், அதுவரை பின்வரிசையில் நின்ற ஹரிசனே ஆவர்.

காதற்பாட்டின் மெட்டு

வெற்றியின் ஆரவாரம் அடங்குமுன்பே வழக்கும் வந்தது. 1971 பெப்ரவரியிலே "பிறைற் ரியூன்ஸ்" என்னும் அமெரிக்க இசை வெளியீட்டு நிறுவனம் வழக்குத் தொடர்ந்தது. "ஹீஸ் சோ பைன்" என்னும் தங்கள் பாட்டின் மெட்டே இது என்பது அவர்களின் வாதம்.

அது றோனி மக் என்னும் இளைஞர் இயற்றி, நியூயோர்க்கைச் சேர்ந்த "சிபோன்ஸ்" என்னும் பெண்கள் குழுவினர் பாடிய பாட்டு. 1963 இலே அமெரிக்காவில் முதலிடம் பெற்றது. அழகன் ஒருவனைக் கண்டு மயங்கிய இளம்பெண் அவனை எவ்வாறேனும் அடைவேன் என்று பாடுவதாக அமைந்தது. அதனை இயற்றிய றோனி மக் அந்த ஆண்டிலேயே, பாட்டின் வெற்றியை முழுமையாகத் துய்க்கு முன்னர், இளமையிலேயே நோயுற்று மறைந்தார். தம் மெட்டைப்பற்றி எழுந்த வழக்கிலே ஒரு சொல்லேனும் சொல்ல அவர் இல்லை. இவ்வரலாற்றிலே நம் இரக்கத்துக்கு முதலில் உரியவர் அவரே.

தலைவனை எண்ணி ஏங்கும் பெண்ணின் பாட்டு, இறைவனை எண்ணி ஏங்கும் உயிரின் பாட்டாக மாறியது தமிழர்க்குப் புதுமையன்று. அகத்திணை மரபை எடுத்து மணிவாசகர் திருக்கோவையார் செய்தார். ஆழ்வார்கள் தம்மை நாயகியாகப் பாவித்துப் பாடினர். ஆனால் நம் அடியார்கள் தாம் எம்மரபைக் கையாள்கிறோம் என்று நன்கறிந்தே கையாண்டனர். ஹரிசனோ தாம் எதனைக் கையாள்கிறோம் என்று அறிந்தாரில்லை. வேற்றுமை அங்கேதான்.

நீதிபதியின் செவி

1976 ஆம் ஆண்டிலே நியூயோர்க் நகரிலே வழக்கு விசாரிக்கப்பட்டது. நீதிபதி றிச்சட் ஓவன் தாமும் இசைநாடகங்கள் இயற்றிய இசையறிஞர். இரு பாட்டுக்களையும் அவர் சுரம் சுரமாகப் பகுத்து ஆராய்ந்தார்.

இரண்டிலும் மெட்டு இரு சிறு துண்டுகளால் ஆயது. முதலாவது துண்டு மூன்றே சுரம். நம் முறையிற் சொன்னால் ப, க, ரி. இரண்டாவது துண்டு ப, த, ச, த, ச என அமைவது. நம் மோகன இராகத்துக்குரிய ச, ரி, க, ப, த என்னும் ஐந்து சுரங்களுக்குள் இவை யாவும் அடங்கிவிடுவதைச் சங்கீதம் பயிலும் பிள்ளைகள் உடனே கண்டுகொள்வர். சிலப்பதிகாரத்து ஆய்ச்சியர் குரவையிலே ஆயமகளிர் கண்ணனைப் பாடிய முல்லைத்தீம்பாணி இன்றைய மோகனமே என்பது இசையாராய்ச்சியாளர் பலரின் கருத்து. ஹரிசன் மோகனம் பாடினார் என்று நாம் சொல்லவில்லை. இந்த ஐந்து சுரங்கள் சீனத்திலும் ஸ்கொத்லாந்திலும் ஆபிரிக்காவிலும் பாமர மக்கள் பாட்டிலே தொன்றுதொட்டு வழங்குவன என்பதையே நினைவூட்டுகிறோம். அப்படியாயின் ப, க, ரி என்னும் மூன்று சுரத்தை ஒருவர் தம் உடைமை என்று கொள்ளுதல் எங்ஙனம்?

நீதிபதியும் இதனை உணர்ந்தே இருந்தார். தனித்தனியே நோக்கின் அத்துண்டுகளிற் புதுமை இல்லை. ஆயின், முதற்றுண்டு நான்கு முறையும், அதனைத் தொடர்ந்து இரண்டாந்துண்டு நான்கு முறையும் வருவதே "ஹீஸ் சோ பைன்" பாட்டின் அமைப்பு. இவ்வமைப்பு மிக அரிது. ஹரிசன் பாட்டிலே முதற்றுண்டு நான்கு முறையும், இரண்டாந்துண்டு மூன்று முறையும் வந்தன. நான்காவதற்கு ஈடாக அதே அளவுடைய வேறொரு பகுதி வந்தது. இரண்டாந்துண்டிலே ஓரிடத்தில் தொட்டுச் செல்லும் சிற்றசைவு ஒன்று உண்டு. அதுவும் அதே இடத்தில் இருந்தது. எழுத்துக்கள் யாவர்க்கும் பொது. வெண்பா யாப்பும் பொது. ஆயினும் எழுத்தும் சீரும் ஓர் ஒழுங்கிலே அமைந்து ஒரு வெண்பாவான பின்னர் அது பாடிய புலவர்க்கு உரியதன்றோ? நீதிபதி கண்ட நியாயமும் இதுவே.

அடுத்து, ஹரிசன் முந்திய பாட்டைக் கேட்டிருத்தல் கூடுமோ என்னும் வினா எழுந்தது. 1963 சூன் முதலாந் தேதி பிரித்தானியப் பட்டியலிலே அப்பாட்டு முன்வரிசையில் இருந்தது. அதே நாளில் முதலிடத்தில் இருந்தது பீற்றில்ஸ் பாட்டு. கேளாதிருத்தல் அரிது. எனினும் வேண்டுமென்றே ஹரிசன் களவாடினார் என்று நீதிபதி நம்பவில்லை. சரியான மெட்டைத் தேடித் துழாவியபோது, இது மக்கள் உள்ளத்தைத் தொடும் என்று அவருடைய ஆழ்மனம் ஒன்றை எடுத்துக் கொடுத்தது. அது முன்பே வெற்றி பெற்ற பாட்டு என்பதை ஆழ்மனம் அறியும், மேல்மனம் அறியாது. ஆயினும் சட்டத்தின் முன் அதுவும் குற்றமே என்று தீர்ப்பாயிற்று. இக்கொள்கை அன்று பிறந்ததன்று. 1924 இலேயே லேர்னட் ஹான்ட் என்னும் நீதிபதி இதனை ஒப்பி, அவ்வழக்கிலே 250 டொலர் நட்டஈடு விதித்திருந்தார்.

வழக்கு வளர்ந்த கதை

ஹரிசன் வழக்கிலோ தொகை பெரிதாயிற்று. பாட்டாற் கிடைத்த வருவாயிலே நாலில் மூன்று பங்கு மெட்டினால் வந்தது, எஞ்சிய பங்கே சொற்களாலும் பாடியவர் புகழாலும் வந்தது என்று நீதிபதி கணக்கிட்டார். அவ்வாறு பெற்ற தொகை 1,599,987 டொலர்.

ஆனால் அது கொடுபட வேண்டிய இடத்திலே ஒரு திருப்பம் நேர்ந்தது. வழக்கு எழுந்த காலத்தில் ஹரிசனின் வணிகக் காரியங்களைக் கவனித்தவர் அலன் கிளைன் என்பவர். பின்னர் இருவரும் பிரிந்தனர். பிரிந்த கிளைன், எதிர்த்தரப்பாரோடு பேசி, 1978 இல் 587,000 டொலர் கொடுத்து அவர்தம் உரிமையை வாங்கிக்கொண்டார். நேற்றுவரை காத்தவரே இன்று வழக்காளி ஆனார். நீதிமன்றம் இதனை ஏற்கவில்லை. தம்மை நம்பியவருக்கு மாறாக நடந்து இலாபம் அடையலாகாது என்று கூறி, வாங்கிய விலையையும் வட்டியையும் பெற்றுக்கொண்டு உரிமையை ஹரிசனுக்கே விடவேண்டும் என்று 1981 இலே தீர்ப்பளித்தது. 1983 இல் மேன்முறையீட்டு நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. ஆயினும் கணக்குத் தீர்க்கும் பிணக்குகள் 1990 களிலும் தொடர்ந்தன. பாடி முடிக்கச் சில நிமிடமே வேண்டிய பாட்டுக்கு வழக்காடக் கால் நூற்றாண்டு சென்றது.

பாட்டின் வாழ்வு

வழக்கு ஒருபுறம் நடக்க, பாட்டுத் தன் வழியே சென்றது. 1971 ஓகஸ்ட் முதலாந் தேதி, ரவிசங்கரின் வேண்டுகோளுக்கிணங்கி, வங்காள அகதிகளின் துயர் துடைக்க ஹரிசன் நியூயோர்க்கிலே மாபெரும் இசைவிழா நடத்தினார். அங்கே இப்பாட்டும் ஒலித்தது. அதே ஆண்டு நவம்பரிலே, வியற்நாம் போர்க்காலத்தில், கறுப்பினப் பாடகியான நீனா சிமோன் அமெரிக்க இராணுவ முகாமொன்றிலே கறுப்பினப் போர்வீரர் முன்னிலையில் பதினெட்டு நிமிடத்துக்கு மேல் இதனைப் பாடினார். ஹரிசனின் அமைதியான வேண்டுதல் அவர் குரலிலே ஆண்டவனோடு வாதாடும் குரலாயிற்று. வியப்பென்னவெனில், முந்திய பாட்டைப் பாடிய சிபோன்ஸ் பெண்களே 1975 இல் ஹரிசன் பாட்டையும் பாடி இசைத்தட்டாக்கினர்.

சட்ட உலகிலும் இப்பாட்டு நிலைத்துவிட்டது. அறியாது எடுத்தலும் குற்றமே என்பதற்கு இவ்வழக்கையே பலரும் மேற்கோள் காட்டுவர். 2001 நவம்பர் 29 ஆம் தேதி ஹரிசன் காலமானார். 2002 சனவரியிலே பாட்டு மீண்டும் வெளியிடப்பட்டு, பிரித்தானியாவில் மறுபடியும் முதலிடம் பெற்றது. நீதிமன்றம் மெட்டைப் பிறர்க்குரியது என்றது. மக்களோ வேண்டுதலை அவருக்குரியதாகவே கொண்டனர். இரண்டும் உண்மையே.

நாம் கற்றது

இக்கதை நம் உள்ளத்தைத் தொட்டமைக்கு வேறொரு காரணமும் உண்டு. நாம் ஆசிரியத் தொழிலேற்ற தொடக்க ஆண்டுகளிலே, மாணவன் ஒருவன் எழுதிய கட்டுரையின் ஒரு பகுதி, பழைய சஞ்சிகையொன்றிலே வந்த கட்டுரையோடு ஏறத்தாழச் சொல்லுக்குச் சொல் ஒத்திருக்கக் கண்டோம். அவன், பார்த்து எழுதவில்லை ஐயா என்று கண்ணீர் மல்கக் கூறினான். நாம் நம்பினோமல்லேம். வகுப்பின் முன்னே நிறுத்திக் கண்டித்தோம்.

பல ஆண்டுகள் சென்றபின், விழாவொன்றுக்கு நாம் ஒரு வரவேற்புப் பாட்டு இயற்றினோம். மெட்டும் நம்முடையதே என்று மாணவரிடம் பெருமையோடு சொன்னோம். ஒத்திகையன்று சங்கீத ஆசிரியை கேட்டுவிட்டு, "ஐயா, இது கோயில் திருவிழாவிலே ஆடும் பழைய நாடகத்து மெட்டல்லவா?" என்றார். முதலிலே நமக்குச் சினமே பிறந்தது, மறுத்தோம். அன்றிரவு படுத்தபின்னர்தான், திருவிழாக் காலத்திலே பாட்டியின் மடியில் அரைத்தூக்கத்திற் கிடந்து கேட்ட ஆர்மோனிய ஒலி நினைவிலே எழுந்தது. சங்கீத ஆசிரியை சொன்னதே சரி. நாம் அறியாமலே எடுத்திருந்தோம். உடனே நினைவுக்கு வந்தது அம்மாணவனின் முகம்.

நம் முன்னோர் இவ்வகையில் நாகரிகம் மிக்கவர். நூல்களை முதனூல், வழிநூல், சார்புநூல் என நன்னூலார் வகுத்தபோது, பிறரைப் பின்பற்றுதல் இழிவென்று சொல்லவில்லை. யாரைப் பின்பற்றினோம் என்று அறிதலையே வேண்டினார். பழைய பாட்டுப் புத்தகங்களைப் புரட்டிப் பாருங்கள். ஒவ்வொரு பாட்டின் தலைப்பிலும் இன்ன பாட்டின் மெட்டு என்று அச்சிட்டிருக்கும். அந்தச் சிறு வரி கடனை ஒப்புக்கொள்ளும் வரி. அவ்வரியை எழுதுவதால் எந்தப் புலவரும் சிறுமையுற்றதில்லை.

நினைவு என்பது பூட்டில்லாத களஞ்சியம். எவர் கொண்டுவந்து வைத்தது எது என்று அது எழுதி வைப்பதில்லை. ஆகவே பெற்றோரும் ஆசிரியரும், ஒத்திருக்கக் கண்டவுடன் திருட்டு என்று பிள்ளைகளைச் சாடுமுன், ஒரு முறை அமைதியாகக் கேட்டறிதல் வேண்டும். மாணவர்களும், இது நம் சொந்தம் என்று களிக்குமுன், இதனை எங்கேனும் கேட்டோமா, படித்தோமா என்று தம்மைத் தாமே வினவுதல் வேண்டும். அறியாமல் எடுத்தல் மனித இயல்பு. அறிந்த பின்னர் ஒப்புக்கொள்ளுதலே நேர்மை.

மறுநாட் காலை மாணவரைக் கூட்டி உண்மையைச் சொன்னோம். பாட்டுத் தாளின் தலைப்பிலே பழைய நாடகப் பாட்டின் பெயரை எழுதி, அதன் அருகே மெட்டு என்று எழுதினோம். அது எளிதாயிற்று. முன்னர் நாம் கண்டித்த மாணவன் இன்று எங்குள்ளான் என்று அறியோம். இதனைப் படிக்க நேர்ந்தால், அவனை நம்பாதிருந்தமைக்கு அவனுடைய ஆசிரியர் வருந்துகிறார் என்பதை அவன் அறிவானாக.